ஆறரை மணி அளவு

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் காலை ஆறரைக்கு என் கைப்பேசியில் அவருடைய அளவு வந்தது. ஆக்சிஜன் தொண்ணூற்றேழு. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. பச்சை என்றால் ஆள் நலம், யாரும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்று அர்த்தம். அந்த அர்த்தத்தை அதற்குக் கொடுத்தவள் நான்தான்.

வீடு முழுக்க உறவுக்காரர்கள் பாயில் படுத்திருந்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து திரையை அணைத்தேன், மறுபடி போட்டேன். எண் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் படித்த புத்தி வேலை செய்யத் தொடங்கியது. கிளவுட் என்கிற தொலைதூரக் கணினிகளில் செய்திகள் சில சமயம் வரிசையில் மாட்டிக்கொள்ளும். அனுப்பிய கணினிக்குப் பதில் வராவிட்டால் அது அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். பழைய காலை ஒன்றின் அளவு எங்கோ தேங்கிக் கிடந்து இப்போது வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். விளக்கம் சரியாகத்தான் இருந்தது. பயம் மட்டும் போகவில்லை.

நான் பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். அதோடு பகுதி நேர ஆராய்ச்சி. வீடு கோலார் தங்கவயலில், எங்கள் பேச்சில் கேஜிஎஃப்பில், நந்திதுர்க் பக்கம். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. சுரங்கத்தை மூடி வருடக்கணக்கில் ஆகிவிட்டது, வீடுகளைத்தான் நாங்கள் விடவில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பி ரயிலைப் பிடித்தால் இரவு ஒன்பதுக்குத் திரும்புவேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் வாழ்க்கை. ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். அன்றைக்கும் நான் எட்டு மணி வரை தூங்குவேன்.

என் ஆராய்ச்சி என்ன என்று அப்பாவுக்கு ஒருமுறை விளக்கப் பார்த்தேன். ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, யார் யார் கைக்கு மாறுகிறது, எங்கே நின்றுபோகிறது, எப்போது முடிந்தது என்று சொல்லலாம் என்பதை எல்லாம் வரைந்து, மனிதர் யாரும் பக்கத்தில் இல்லாமலே அதைக் கணினிகள் தங்களுக்குள் பேசி நடத்தும்படி செய்வது. ஒரு கணினி கேட்கும், இன்னொன்று பதில் சொல்லும். பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, அப்புறம் யாரைக் கூப்பிடுவது என்று விதிகள் உண்டு. அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ டைம் ஆபீஸ் கிளார்க்கு வேலை," என்றார். "எவன் உள்ள போனான், எவன் வெளிய வந்தான், எவன் இன்னும் வரலன்னு பாக்கிறது. இதுக்கு டாக்டர் பட்டம் குடுக்கிறாங்களா?"

கோபம் வந்தது. ஆனால் நான்கு வருடமாக என் வழிகாட்டிப் பேராசிரியர் எனக்குச் சொல்லிப் புரியவைத்ததை விட அது தெளிவாக இருந்தது.

விதிகளை வெறும் காகிதத்தில் எழுதிவைத்தால் பட்டம் தர மாட்டார்கள், எங்காவது ஓட்டிக் காட்ட வேண்டும். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன கிளினிக் இருக்கிறது. சுரங்கத்தில் வேலை பார்த்து, நுரையீரலில் பாறைத்தூசி படிந்து, மூச்சுக்குத் தவிக்கும் பெரியவர்கள் அங்கே வருவார்கள். அவர்களில் பன்னிரண்டு பேரை எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது ஆள் என் அப்பா. ஒவ்வொரு வீட்டுக்கும் விரலைக் கவ்வுகிற சின்னக் கருவி ஒன்று கொடுத்தோம். துணி காயப்போடும் கிளிப் போல இருக்கும். காலை ஆறரைக்கு வீட்டிலுள்ள கைப்பேசி மணி அடிக்கும். கருவியில் விரலை வைத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று கிளவுடுக்குப் போய்விடும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் சிவப்புப் புள்ளி. உடனே கிளினிக் நர்ஸுக்கு ஓர் அழைப்பு, வீட்டு மனிதர் ஒருவருக்கு ஓர் அழைப்பு, பத்து நிமிடத்தில் நர்ஸ் பதில் சொல்லாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு ஓர் அழைப்பு. அப்பாவுக்கு அந்த வீட்டு மனிதர் நான்.

ஆறரை மணி என்று வைத்ததற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. ரயிலில் பங்காருப்பேட்டை தாண்டியதும் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். பன்னிரண்டு புள்ளிகளும் வரிசையாகப் பச்சையாவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். அதற்காக வைத்தேன்.

முதல் மூன்று வாரம் சிவப்பு அடிக்கடி வந்தது. விரல் சரியாகப் பதியாமல் வந்தது, குளிரில் வந்தது, இருமும்போது வந்தது. நர்ஸ் சலித்துக்கொண்டாள். நான்காவது வாரம் ஒரு திங்கட்கிழமை, மாலூர் தாண்டும் நேரத்தில் என் கைப்பேசியில் அப்பாவின் புள்ளி சிவந்தது. எண்பத்தாறு.

அன்றைக்குத்தான் ஆராய்ச்சிக் குழுவின் முன்னால் நான் பேச வேண்டும். அந்தத் தேதிக்காக எட்டு மாதம் காத்திருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த பஸ்ஸைப் பிடித்து, இன்னொரு பஸ் மாறி வீட்டுக்கு ஓடினேன். லைன் முனையில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. அக்கம்பக்கமெல்லாம் கூடியிருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் மறுபடி பார்த்தபோது தொண்ணூற்றிரண்டு. அவர் என்னைப் பார்த்து, தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி சிரித்தார்.

நான் கத்தினேன். அத்தனை பேர் முன்னால் கத்தினேன். எனக்கு முன்கோபம் அதிகம், அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

"வெரலை ஒழுங்கா வெச்சா இன்னாப்பா? நீ இப்படி நம்பர் குடுத்தா நான் எங்க போயி நிக்கிறது? அத்தனை பேரும் இப்படியே குடுத்தா என்னை ஃபெயிலாக்கி அனுப்பிடுவாங்க!"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சரிம்மா, இனிமே ஒழுங்கா வெக்கிறேன்," என்றார்.

அதற்குப் பிறகு வரைபடம் அழகாக மாறியது. அந்த வாரமே சிவப்பு குறைந்தது. அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. அதற்கடுத்த மாதம் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு கோடுகளும் ரயில் தண்டவாளம் போல நேராக ஓடின. நான் அதற்குள் விதிகளில் சில திருத்தங்கள் செய்திருந்தேன். இரண்டு முறை அளந்து பார்ப்பது, விரல் குளிர்ந்திருந்தால் மறுபடி கேட்பது, இப்படி. அந்தத் திருத்தங்களால்தான் பொய் எச்சரிக்கைகள் மறைந்தன என்று ஒரு கட்டுரை எழுதினேன். வழிகாட்டி என்னிடம் அதிகம் சிரிக்காதவர், அன்றைக்குச் சிரித்தார். தள்ளிவைத்த குழுக்கூட்டம் நடந்தபோது அந்த வரைபடத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டேன். அப்பாவின் கோட்டைத்தான் உதாரணமாகக் காட்டினேன். அன்று இரவு வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த மாதங்களில் அவர் மெலிந்துகொண்டிருந்தார். நான் வரும்போது கட்டிலில் சாய்ந்து கண்மூடியிருப்பார், போகும்போதும் அப்படியே இருப்பார். இருமல் கேட்கும். எனக்குக் கவலை வந்தால் கைப்பேசியைத் திறந்து அன்றைய எண்ணைப் பார்ப்பேன். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. கவலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்திருப்பார், நடக்க மாட்டார். "ஏம்பா, ஒரு நடை போயிட்டு வாயேன்," என்றால், "சும்னே உக்காந்திருக்கேம்மா, வெயிலு நல்லாக்கீது," என்பார். நானும் விட்டுவிட்டேன்.

அவர் இறந்தது ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அன்றைக்கும் ஆறரை மணி அளவு தொண்ணூற்றேழு. நான் வகுப்பில் இருந்தேன். என் அமைப்பிலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை, பக்கத்து வீட்டு அக்காதான் கூப்பிட்டாள். கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நகங்களைத் தொட்டுக் காட்டி, பல வாரமாகவே ஆக்சிஜன் ரொம்பக் குறைவாக இருந்திருக்க வேண்டும் என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். என்னிடம் பதிவு இருக்கிறது, ஒவ்வொரு நாளும் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் அடக்கம். எங்கள் பௌத்த விகாரையிலிருந்து பிக்கு வந்து பஞ்சசீலம் சொல்லி முடித்த பிறகு அம்மா அழவே இல்லை. அதற்கடுத்த காலையில்தான் முதலில் சொன்ன அந்த அளவு வந்தது.

இரண்டாம் காலையும் வந்தது. தொண்ணூற்றெட்டு. எந்த நொடியில் அளந்தது என்ற குறிப்பைத் திறந்து பார்த்தேன். பழைய செய்தி என்றால் பழைய தேதி இருக்க வேண்டும். இதில் அன்றைய தேதி, அன்றைய நேரம். நான்கு நிமிடம் முன்னால் யாரோ விரலை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளியின் பதிவையும் நாங்கள் கேஸ் என்போம், இந்தக் கேஸின் மேல் அப்பாவின் பெயர். அந்த நேரம் பார்த்துத் தரை லேசாக அதிர்ந்தது. மூடின சுரங்கத்துக்குள் எங்கோ பாறை சரிந்தால் இப்படி வரும், எங்களுக்குப் பழக்கம். ஆம்பூரிலிருந்து வந்திருந்த அத்தை மட்டும் எழுந்து உட்கார்ந்து, "இன்னாடி அது?" என்றாள். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டு நின்றன. எனக்கு ஒரு கணம், கீழே எங்கோ அப்பா விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது. படித்தவள்தான் சொல்கிறேன். அப்படித்தான் தோன்றியது.

மூன்றாம் நாள் ஐந்தரைக்கே எழுந்துகொண்டேன். எழுந்தது தெரியாமல் போர்வைக்குள்ளேயே கிடந்தேன். ஆறரைக்குச் சமையலறையிலிருந்து அந்த மணி மெதுவாகக் கேட்டது, இரண்டாவது அடிக்குள் நின்றது. போய்ப் பார்த்தேன். அம்மா அடுப்புக்கு எதிரே பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் பாலைக் கலக்கிக்கொண்டு, மறு கையின் ஆட்காட்டி விரலில் கருவியை மாட்டியிருந்தாள். ரொம்ப நாள் பழகின கை. கருவியைப் பார்க்கக்கூட இல்லை.

"அம்மா."

"இன்னா பாக்கிற? மணி அடிச்சுது, வெச்சேன்."

"அப்பா இல்லம்மா."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "அவரு பேருல தெனமும் ஒண்ணு போவணும்னு நீதானே சொன்னே. நின்னுபோச்சுன்னா உன் படிப்புல ஒரு ஆளு கொறைஞ்சுடும்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவள் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொல்லாவிட்டாலும் என்னால் கண்டுபிடிக்க முடியும். பதிவுகளைத் தோண்டி, ஒரு வேலை உண்மையில் எப்படி நடந்தது என்று கண்டுபிடிப்பதுதானே என் தொழில். ஆக்சிஜனோடு நாடித்துடிப்பும் ஒவ்வொரு நாளும் கிளவுடில் போய் உட்கார்ந்திருந்தது. நான் எழுதிய எந்த விதியும் அந்தக் கட்டத்தைப் படிக்கவில்லை. தேவையில்லை என்று ஓரமாக வைத்திருந்தேன். அன்று மதியம் உறவுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். ஒரு சின்ன ஆசை இருந்தது. அம்மா வைத்தது இந்த மூன்று நாள் மட்டும்தான், துக்கத்தில் செய்கிறாள், அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் அப்பாவுடைய விரல்தான் என்று பதிவு சொல்லிவிட்டால் போதும். அப்படியானால் அப்பா போனது யாருடைய தவறும் இல்லை. அதற்காக வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

முதல் வாரங்களில் நாடி நூறையொட்டி ஓடியது. மூச்சுக்குப் போராடுகிற இதயத்தின் வேகம். பிறகு ஒரு நாள் எழுபதுக்கு இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. மெல்ல மெல்ல இறங்கவில்லை, ஒரே நாளில். ஒரு ஆள் எழுந்து போய் இன்னொரு ஆள் உட்கார்ந்த மாதிரி. அது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பாதி வழியில் இறங்கி ஓடி வந்து அத்தனை பேர் முன்னால் கத்தியதற்கு மறுநாள்.

கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன். இப்போது அவள் மறைக்கவில்லை.

"அவருதான் கேட்டாரு. 'பொண்ணு பாதி ரயில்ல எறங்கி வருது. என் வெரலு சரியில்ல, உன் வெரலைக் குடு'ன்னாரு. மைன்ஸ்ல எக்ஸ்ரேக்குக் குடுப்பாங்களே, அந்த மாதிரிதான்."

அவள் சொன்னது எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர்களின் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தூசி தெரிந்தால் அன்ஃபிட் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் கீழே இறங்க முடியாது, கம்பெனி கொடுத்த வீட்டுக்கும் ஆபத்து. அதனால் நெஞ்சு கெட்டவனுடைய அடையாள டோக்கனை வாங்கிக்கொண்டு நெஞ்சு நல்லா இருக்கிறவன் போய் நிற்பான். எங்கள் அப்பா அப்போது திடமாக இருந்தாராம், மூன்று பேருக்காக நின்றிருக்கிறாராம். அதை நாங்கள் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வோம். எண் நன்றாக இருந்தால் ஆள் பிழைத்தான் என்பது அந்தக் காலத்துப் பாடம். அப்பா அதை எனக்காகத் திரும்பக் கையில் எடுத்திருக்கிறார். அளப்பது அவரைக் காப்பாற்றத்தான் என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. அளப்பவர்கள் யாரும் அவரைக் காப்பாற்றுவதற்காக அளந்ததே இல்லையே, எப்படி ஏறும்?

இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரம் நான் அம்மாவைப் பிடித்து உலுக்காத குறை. "அவருக்கு முடியலன்னு உனக்குத் தெரியுமில்ல? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"சொன்னா நீ வேலைய வுட்டுட்டு வந்து உக்காந்துக்குவேன்னு அவருக்குப் பயம். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு." அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். "நீ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வூட்லதானே கீறே. அவரு மூஞ்சியப் பாத்திருக்கலாமே."

அன்றைக்கு முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது தப்பு என்றால் பேசியிருப்பேன்.

வழிகாட்டிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஆறுதல் சொல்லிவிட்டு, ஒரு நோயாளியின் தரவு கெட்டுவிட்டால் அந்த ஒரு கேஸை நீக்கிவிட்டு மீதிப் பதினொன்றை வைத்து முடிவை எழுதலாம், அதற்கு முறை இருக்கிறது என்று பதில் போட்டார். முறைப்படி சரியான பதில். நானும் அப்பாவின் கேஸை மூடுவதற்காகத் திரையைத் திறந்தேன். காரணம் என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் வைத்திருந்தேன்: குணமானார், இடம் மாறினார், இறந்தார். மூன்றாவதன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மற்றப் பதினொரு கோடுகளும் கண்ணில் பட்டன. எல்லாம் நேர்க்கோடு. எல்லாம் பச்சை.

நாடிக் கட்டத்தை ஒவ்வொருவருக்கும் திறந்தேன். எல்லாவற்றிலும் ஒரே நாளில் இறங்கிய ஒரு படி இருந்தது. நூறிலிருந்து எழுபதுக்கு, தொண்ணூற்றைந்திலிருந்து எண்பதுக்கு. ஒருவருடையதில் இரண்டு மூன்று படிகள், வீட்டில் யார் கை சும்மா இருந்ததோ அவர் கை. படிகள் எல்லாம் அப்பாவுடைய அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் விழுந்திருந்தன. பச்சைப் புள்ளிகளுக்குப் பின்னால் பதினொரு பேர் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் ஏற்கெனவே இறந்துபோய், அவர் வீட்டிலும் யாராவது விரல் வைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். நாளைக் காலையே வீடு வீடாகப் போய்விடலாம், ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டோம். எதிர் லைன் மாமாவை நான் எடுத்துக்கொண்டேன். அப்பாவோடு ஒரே ஷிப்டில் கீழே இறங்கியவர். பன்னிரண்டு கோடுகளில் அவருடையதுதான் கொஞ்சமும் பிசகாத கோடு.

ஆறரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வீட்டு வாசலில் நின்றேன். மருமகள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி மணி அடித்ததும், என்னை மறந்துபோய்க் கையைப் புடவையில் துடைத்து, கருவியை எடுத்து மாட்டப் போனாள். அப்புறம்தான் நினைவு வந்தது. கருவியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாங்கக்கா, உக்காருங்க, காபி வெக்கிறேன்," என்றாள்.

கருவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மாமா முன்னறைக் கட்டிலில் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால் உட்கார்ந்தபடியே தூங்குகிறவர்களை எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? என் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை.

"வாம்மா. உன் அப்பாவத் தூக்கிக்கினு போறப்ப எனக்கு வர முடியல."

"கையக் குடுங்க மாமா."

அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. என்னுது சரியா வராது. அவ குடுப்பா பாரு, மருமவ."

"எது வருதோ வரட்டும். குடுங்க."

"உன் அப்பா வந்து சொல்லிட்டுப் போனாரும்மா." ஒவ்வொரு நாலு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அத்தினி வூட்டுக்கும் போனாரு. நடக்க முடியல அவரால. ஒரு வூட்டுக்கும் இன்னொரு வூட்டுக்கும் நடுவுல உக்காந்து உக்காந்து வந்தாரு. நான் திட்னேன், ஏன்யா இந்த மூச்ச வெச்சிக்கினு அலையறேன்னு. 'நம்ம பொண்ணு நம்மள வெச்சி பெரிய படிப்பு படிக்குது. நமக்குக் கெட்ட நம்பர் வந்தா அதை ஃபெயிலாக்கிடுவாங்களாம். வூட்ல மூச்சு நல்லாக்கீறவங்க வெரலக் குடுங்க'ன்னாரு. எங்க எல்லாரு கையிலயும் அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. நாங்க சொன்ன சொல்லு தவறல."

எனக்குக் கண் தெரியவில்லை. போர்வைக்குள் கையை விட்டு அவர் கையைத் தேடி எடுத்தேன். விரல்கள் ஜில்லென்று இருந்தன, நகமெல்லாம் நீலம். ஆட்காட்டி விரலில் கருவியை மாட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுக்கப் பார்த்தார். சின்னப் பிள்ளைக்கு மருந்து புகட்டுவது போலக் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எண் தடுமாறி, தடுமாறி, எழுபத்தொன்பதில் நின்றது.

என் பையிலிருந்து அபாய மணி அடிக்கத் தொடங்கியது. பல மாதமாகக் கேட்காத சத்தம். எங்கோ இருக்கிற கணினி நான் எழுதிக் கொடுத்தபடியே நர்ஸை அழைத்துக்கொண்டிருந்தது. அவள் வேறு வீட்டில் இருப்பாள், எடுக்கவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழைக்கும். நான் அதை நிறுத்தவில்லை. மாமா அந்தச் சத்தத்தைக் கேட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஃபெயிலாயிட்டியாம்மா?" என்றார்.

"ஆமாம் மாமா," என்றேன்.

வண்டி வரும்வரை அவர் என் கையைத் தட்டிக் கொடுத்து, அடுத்த தடவை பாஸாகிவிடுவாய், அழாதே என்று என்னைத் தேற்றிக்கொண்டே இருந்தார்.